டிஎன்டி 1909: விளம்பரத்துக்கும் தொல்லைக்கும் இடையே கோடு கிழிக்கும் சேவை, ஒரு மதிப்புரை

"டிஎன்டி போட்டிருக்கிறேன், ஆனாலும் விளம்பரம் நின்றபாடில்லை" என்ற புலம்பலைக் கேட்காதவர் இருக்க முடியாது. டிஎன்டி என்பது 'டு நாட் டிஸ்டர்ப்', அதாவது 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்பதன் சுருக்கம். வேண்டாத விளம்பர அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் தடுப்பதற்காக, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த விதிகளின்படி, எல்லாக் கைபேசி நிறுவனங்களும் கட்டணமின்றித் தரவேண்டிய சேவை இது. 1909 என்ற எண்ணுக்கு ஓர் அழைப்போ ஒரு குறுஞ்செய்தியோ போதும். டிராயின் டிஎன்டி செயலி வழியாகவும் பதிந்துகொள்ளலாம். காசு கொடுக்காமல் கிடைப்பதாலோ என்னவோ, ஓர் உணவகத்தையோ குளிர்சாதனப் பெட்டியையோ எடைபோடுவதைப் போல இதை எடைபோட்டுப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை. இதைப் பயன்படுத்தியும், இதன் பின்னாலுள்ள விதிகளைப் படித்தும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது, அந்தப் புலம்பலில் பாதி நியாயம் இருக்கிறது என்பதுதான். முறையான விளம்பரம் எது, தொல்லை எது என்ற கோட்டை இந்தச் சேவை தெளிவாகவே கிழித்திருக்கிறது. அந்தக் கோட்டுக்குள் நிற்கச் சம்மதித்தவர்களை இறுக்கியும் பிடிக்கிறது. கோட்டை மதிக்காதவர்களிடமும், கோடே போடப்படாத வாட்ஸ்அப் போன்ற இடங்களிலும்தான் அதன் கை எட்டவில்லை.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2007இல் தொடங்கியபோது இது 'என்னை அழைக்காதீர்கள்' என்று எண்ணைப் பதிந்துவைக்கும் பட்டியலாக மட்டுமே இருந்தது. 2010 டிசம்பரில் வெளியாகி, 2011 செப்டம்பர் 27 முதல் முழுமையாக நடப்புக்கு வந்த விதிகள், எந்த வகை விளம்பரம் வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்துச் சொல்லும் வசதியைக் கொண்டுவந்தன. 2018 ஜூலையில் வந்த விதிகள் மொத்த அமைப்பையும் அடித்தளத்திலிருந்து மாற்றின. 2025 பிப்ரவரி 12ஆம் தேதி வெளியான திருத்தம் அதில் இருந்த சில பெரிய ஓட்டைகளை அடைத்தது. இன்று நம் கையில் இருப்பது இந்தக் கடைசி இரண்டும் சேர்ந்த வடிவம். இந்த மதிப்புரையும் அதைப் பற்றியதே.

பதிவு செய்வது எளிது. ஆங்கில எழுத்தில் 'ஸ்டார்ட் 0' என்று அடித்து 1909க்கு அனுப்பினால் எல்லா வகை விளம்பரங்களுக்கும் தடை கேட்டதாக ஆகும். வங்கி, காப்பீடு, கடன் அட்டை ஆகியவை சேர்ந்தது ஒரு வகை. வீட்டுமனை ஒரு வகை. கல்வி, மருத்துவம், நுகர்பொருள்களும் வாகனங்களும், தொலைத்தொடர்பும் பொழுதுபோக்கும், சுற்றுலா, உணவு என்று மொத்தம் எட்டு வகைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் உண்டு என்பதால், மனை விற்பவர்கள் வேண்டாம், ஆனால் சுற்றுலாச் சலுகைகள் வரட்டும் என்று ஒருவர் சொல்லிக்கொள்ளலாம். 2018 விதிகள் இதற்கு மேலும் ஒரு படி போய், குரல் அழைப்பு வேண்டாம், குறுஞ்செய்தி வரலாம் என்றும், எந்தக் கிழமை, எந்த நேரத்தில் வரலாம் என்றும் தேர்ந்தெடுக்க இடம் கொடுத்திருக்கின்றன. மதியம் கண்ணயரும் நேரத்தில் கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்பு வரக்கூடாது என்பதைச் சட்டப்படியான விருப்பமாகப் பதிய முடிகிற நாடு நம்முடையது என்பது பலருக்குத் தெரியாது. தேர்வுகள் இத்தனை நுணுக்கமாக இருப்பது நல்லதுதான். ஆனால் 1909க்கு அழைத்துக் கேட்பவர்களில் பெரும்பாலோர் 'எல்லாவற்றையும் நிறுத்து' என்பதைத் தவிர வேறு எதையும் தேர்ந்தெடுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பலர் கவனிக்காமலே கடந்துபோகும் ஒரு சின்ன எழுத்து. கைபேசியை எடுத்து, அண்மையில் வந்த ஒரு கடையின் குறுஞ்செய்தியில் அனுப்புநர் பெயர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவற்றில் முதலாவது, எந்தத் தொலைபேசி நிறுவனத்தின் வழியாகச் செய்தி வந்தது என்பதையும், இரண்டாவது எந்த வட்டாரத்திலிருந்து வந்தது என்பதையும் குறிக்கும். அதற்கடுத்து ஒரு சிறு கோடு, பிறகு அனுப்பிய நிறுவனத்தின் பதிவுபெற்ற குறியீடு, மறுபடி ஒரு கோடு, கடைசியில் தனியாக ஓர் எழுத்து. அந்தக் கடைசி எழுத்து 'பி' என்றால் விளம்பரம். 'எஸ்' என்றால் சேவைச் செய்தி. 'டி' என்றால் ஓடிபி போன்ற பரிவர்த்தனைச் செய்தி. 'ஜி' என்றால் அரசுத் தகவல். இது 2025 திருத்தத்தில் வந்த கட்டாயம். செய்தியைத் திறக்காமலே, இது நம்மிடம் எதையாவது விற்க வந்ததா, நாம் கேட்ட விவரத்தைச் சொல்ல வந்ததா என்பது தெரிந்துவிடுகிறது. குறியீடு யாருடையது என்று புரியாவிட்டால், டிராய் நடத்தும் இணையப் பக்கத்தில் அந்தக் குறியீட்டை இட்டு, அதைப் பதிந்திருக்கும் நிறுவனத்தின் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. பெயர் சொல்லி வருவதும், வந்த நோக்கத்தை மறைக்காமல் இருப்பதும் முறையான விளம்பரத்தின் முதல் இரண்டு தகுதிகள். இரண்டையும் ஒரே வரியில் அடக்கியிருப்பது நல்ல வடிவமைப்பு.

எழுத்தை ஒட்டியே ஏமாற்று வேலையும் தொடங்குகிறது. நகைக்கடையில் பணம் கட்டியதற்கு ரசீதுச் செய்தி வரும். அதன் வாலில் 'அடுத்த முறை வரும்போது செய்கூலியில் 10 சதவீதத் தள்ளுபடி, இந்த வாரம் மட்டும்' என்று ஒட்டியிருக்கும். சேவைச் செய்தி என்ற பெயரில் போனால் டிஎன்டி பதிவு குறுக்கே நிற்காது என்பதால் செய்யும் தந்திரம் இது. விதியின்படி, சேவைச் செய்தியில் விளம்பரத்தைக் கலந்தால் அந்தச் செய்தி முழுவதும் விளம்பரமாகவே கொள்ளப்படும். ஆகையால் இதன்மேல் புகார் செய்யலாம். ஆனால் ரசீதோடு வந்ததைத் தொல்லை என்று சொல்ல நம் மனம் எளிதில் இடம் கொடுப்பதில்லை. எல்லைக்கோட்டில் நிற்கும் செய்திகளில் மிகுதியானவை இந்த வகைதான்; மோசடிக்காரர்களைவிட, நல்ல பெயர் எடுத்த நிறுவனங்களே இங்கே அதிகம் உலவுகின்றன.

நல்ல பெயர் எடுத்தவர் அனுப்புவதால் ஒரு செய்தி முறையானதாகிவிடாது என்பதற்கு இணையத்தின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1978 மே 3ஆம் தேதி, இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலைப்பின்னலில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு, கேரி துர்க் என்ற விற்பனை அலுவலர் தம் நிறுவனமான டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் புதிய கணினிகளைப் பற்றி ஒரே மின்னஞ்சலை அனுப்பினார். கணினிகள் உண்மையானவை, நிறுவனம் உண்மையானது, விளக்கக் கூட்டத்துக்கான அழைப்பும் உண்மையானது. பெற்றவர்களில் எவரும் கேட்கவில்லை என்பது ஒன்றே குறை. அந்த ஒரு குறைக்காக அது உலகின் முதல் தொல்லை மின்னஞ்சல் என்று இன்றளவும் சுட்டப்படுகிறது. டிராயின் விதிகளும் அடிப்படையில் இதே அளவுகோலைத்தான் வைத்திருக்கின்றன: சரக்கின் தரத்தை அவை பார்ப்பதில்லை, பெறுபவரின் சம்மதம் இருந்ததா என்பதை மட்டும் பார்க்கின்றன.

சம்மதம் எப்படி வாங்கப்படுகிறது என்று பார்த்தால்தான் புலம்பலின் வேர் தெரிகிறது. பெரிய ஜவுளிக் கடை ஒன்றின் கல்லாவில் நின்றிருக்கிறேன். வரிசை நீண்டிருக்கிறது, பின்னால் ஒருவர் துணிப் பைகளோடு முட்டிக்கொண்டிருக்கிறார். "நம்பர் சொல்லுங்க சார்" என்கிறார் பில் போடும் பெண். எதற்கு என்று கேட்டால், "நம்பர் போடாம பில் வராது சார்" என்று பதில் வருகிறது. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதபடி மென்பொருளை அமைத்தவர் வேறு எங்கோ இருக்கிறார். எண்ணைச் சொன்னோம், அந்த ஆடித் தள்ளுபடியில் தொடங்கிய செய்திகள் தீபாவளி, பொங்கல், அட்சய திருதியை என்று நாள்காட்டியோடு சேர்ந்து வந்தன. 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் நலத் துறை, பில் போடுவதற்கு வாடிக்கையாளரின் கைபேசி எண்ணைக் கட்டாயப்படுத்திக் கேட்கக்கூடாது என்று சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. அறிவுறுத்தல் கல்லாவை எட்டியதாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. டிஎன்டியைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது அது. நாம் பதிந்த தடையைவிட, ஒரு குறிப்பிட்ட நிறுவனத்துக்கு நாம் கொடுத்த சம்மதம் வலிமை வாய்ந்தது. எட்டு வகைகளையும் தடுத்துவைத்திருந்தாலும், ஒரு கடைக்குச் சம்மதம் கொடுத்ததாகப் பதிவு இருந்தால் அந்தக் கடையின் விளம்பரம் வரும். அது விதிமீறலும் ஆகாது. எண்ணைச் சொன்னதையே சம்மதமாக எடுத்துக்கொள்வது நெடுநாள் பழக்கம். 2025 திருத்தம் இதை இறுக்கியிருக்கிறது: நடந்துகொண்டிருக்கும் ஒரு பரிவர்த்தனையை முடிப்பதற்காகக் கொடுத்த சம்மதம் ஏழு நாள்களுக்கு மட்டுமே செல்லும். காகிதத்தில் வாங்கிய, வாய்மொழியாக வாங்கிய, யாராலும் சரிபார்க்க முடியாத பழைய சம்மதங்களுக்குப் பதிலாக, 127 என்று தொடங்கும் குறு எண்ணிலிருந்து செய்தி அனுப்பி, நாம் பதில் அளித்தால் மட்டும் சம்மதம் பதிவாகும் முறையை 2023 ஜூன் மாதத்திலேயே டிராய் ஆணையிட்டது. 2025இல் வங்கிகளைக் கொண்டு அதற்கு முன்னோட்டமும் தொடங்கியது. இது எல்லா வணிகத்துக்கும் வந்து சேரும் நாளில்தான், யாருக்கு எப்போது சம்மதம் கொடுத்தோம் என்ற பட்டியல் நம் கையில் இருக்கும். அதுவரை டிஎன்டி என்பது முன்கதவைப் பூட்டிவிட்டு, சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பதைச் சொல்லாத சேவை.

வணிகர் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முறையாக நடக்க நினைப்பவருக்கு இந்தச் சேவை வைக்கும் வேலை சிறிதல்ல. ஈரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் தம் வாடிக்கையாளர்களுக்குப் பண்டிகைக்கால அறிவிப்பு அனுப்பத் தொடங்கியபோது உடன் இருந்து பார்த்தேன். தொலைபேசி நிறுவனம் நடத்தும் பிளாக்செயின் வகைப் பதிவேட்டில் (பதிந்ததைப் பிறகு யாரும் கமுக்கமாக மாற்ற முடியாத மின்பதிவேடு) கடையைச் சான்றுகளோடு பதிய வேண்டும். அனுப்புநர் குறியீட்டுக்குத் தனியாக ஒப்புதல் பெற வேண்டும். பிறகு, அனுப்பப்போகும் வாசகத்தையே முன்கூட்டிக் கொடுத்து அதற்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். வாசகத்தில் வாடிக்கையாளர் பெயர், தொகை, தேதி போன்று மாறும் இடங்களைக் குறியிட்டுக் காட்ட வேண்டும். மீதி எழுத்துகளில் ஒன்று பிசகினாலும் செய்தி போகாது. இணைப்பு ஏதும் சேர்ப்பதாக இருந்தால், 2024 அக்டோபர் முதல் அந்த இணைய முகவரியையும் முன்பே பதிந்திருக்க வேண்டும். இதில் தமிழுக்கு ஒரு தனிச் சுமையும் உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள் கொள்ளும் இடத்தில், தமிழ் எழுத்தில் 70 தான் கொள்ளும். அதிலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்காகும். ஒரே அறிவிப்பைத் தமிழில் சொன்னால் இரண்டு மூன்று செய்திக்கான செலவு ஆகிறது. 'ஆடி தள்ளுபடி' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பும் கடைகளை நாம் கேலி செய்கிறோம்; காரணத்தில் பாதி இந்தக் கணக்கு.

ஒப்புதல் பெற்ற வாசகத்தோடு ஒவ்வொரு செய்தியையும் ஒப்பிடும் இந்த முறை முதன்முதலில் முழு வீச்சில் நடப்புக்கு வந்த 2021 மார்ச் 8 அன்று, வாசகங்களைச் சரியாகப் பதிந்துவைக்காத வங்கிகளின், இணைய வணிக நிறுவனங்களின் ஓடிபிகளும் சேர்ந்து நின்றுபோயின. மறுநாளே டிராய் அதை ஏழு நாள்களுக்கு நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. வடிகட்டி எத்தனை இறுக்கமானது என்பதை அன்று நாடு முழுவதும் பார்த்தது. அதனால்தான், பதிவுபெற்ற வழியில் வரும் குறுஞ்செய்தி என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால், இந்தச் சேவைக்கு நான் தாராளமாகவே மதிப்பெண் கொடுப்பேன்.

புகார் செய்யும் வழி முன்னைவிட மிகவும் தேறியிருக்கிறது. என்ன வந்தது என்ற சுருக்கமான விவரம், ஒரு காற்புள்ளி, அனுப்பியவரின் எண் அல்லது குறியீடு, மறுபடி காற்புள்ளி, நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதி 1909க்கு அனுப்ப வேண்டும். அனுப்புவதற்குக் கட்டணம் இல்லை. முன்பு மூன்று நாள்களுக்குள் புகார் செய்ய வேண்டும் என்று இருந்தது, இப்போது ஏழு நாள்கள். முன்பு டிஎன்டியில் பதிந்தவர்தான் புகார் செய்யலாம் என்ற நிலை மாறி, பதிவுபெறாத ஒருவர் அனுப்பும் விளம்பரத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் புகார் செய்யலாம் என்று ஆகியிருக்கிறது. அப்படிப்பட்டவர்மீது நடவடிக்கை எடுக்கும் கெடு 30 நாள்களிலிருந்து 5 நாள்களாகக் குறைந்திருக்கிறது. ஏழு நாளில் பத்துப் புகார் வந்தால்தான் அசைவோம் என்று இருந்தது, பத்து நாளில் ஐந்து வந்தாலே போதும் என்று ஆகியிருக்கிறது. முதல் தவறுக்கு அனுப்புநரின் வெளிச்செல்லும் வசதிகள் 15 நாள்களுக்கு முடக்கப்படும். மறுபடி செய்தால் ஓராண்டுக்கு எல்லா நிறுவனங்களிலும் இணைப்பு துண்டிக்கப்படும். தொல்லைகளின் கணக்கைத் தவறாகக் காட்டும் தொலைபேசி நிறுவனத்துக்கும் முதல் முறை 2 லட்சம், இரண்டாம் முறை 5 லட்சம், அதற்குமேல் ஒவ்வொரு முறையும் 10 லட்சம் ரூபாய் என்று அபராதம் வைத்திருக்கிறார்கள். இந்தத் தொகைகள் அந்த நிறுவனங்களின் வருமானத்துக்கு முன்னால் பொருட்டே இல்லை என்பது என் கருத்து; ஆனாலும், காவலருக்கும் அபராதம் உண்டு என்று விதியில் எழுதியதே ஒரு மாற்றம்.

செயலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசியில் அது அழைப்புப் பட்டியலையும் குறுஞ்செய்திகளையும் பார்க்க அனுமதி கேட்கிறது. கொடுத்தால், வந்த செய்தியைத் தொட்டுப் புகாராக மாற்றிவிடலாம். நாளையும் எண்ணையும் கையால் அடிக்கத் தேவையில்லை. புகாரின் நிலை என்ன ஆயிற்று என்று பார்க்கவும் முடிகிறது. ஆனால் தனியுரிமையைக் காக்க வந்த செயலி, நம் செய்திகள் அனைத்தையும் படிக்க அனுமதி கேட்பது முரணாகத் தோன்றினால் அந்த எண்ணத்தில் தவறில்லை. ஆப்பிள் நிறுவனம் இதே காரணத்தைச் சொல்லி நெடுநாள் மறுத்தது. 2018 விதிகளில், செயலிக்கு இடம் கொடுக்காத கைபேசிகளை வலைப்பின்னலிலிருந்து விலக்கலாம் என்ற அளவுக்கு டிராய் போன பிறகு, அந்த ஆண்டின் இறுதியில் ஐபோனில் பயனர் தாமே ஒவ்வொரு செய்தியாகத் தேர்ந்து புகார் அளிக்கும் வழி கிடைத்தது. உண்மையில் ஐபோன் வழிதான் பண்பான வழி என்று நான் நினைக்கிறேன். செயலி வேண்டாம் என்று நினைப்பவர் தயங்காமல் விட்டுவிடலாம். அதில் செய்யக்கூடிய முக்கியமான வேலைகள் யாவும் 1909க்கு ஒரு குறுஞ்செய்தியில் முடிகின்றன.

இனி, கை எட்டாத இடங்கள். விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்தும், சேவை, பரிவர்த்தனை அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்தும்தான் வர வேண்டும். சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வணிக அழைப்பு வரவே கூடாது. ஆனால் நடப்பில் மனை வேண்டுமா, கடன் வேண்டுமா என்ற அழைப்புகள் பத்து இலக்க எண்களிலிருந்துதான் வருகின்றன. 140 என்று தெரிந்தால் யாரும் எடுக்கமாட்டார்கள் என்பதே அதற்குக் காரணம். நேர்மையாகத் தன்னை அடையாளம் காட்டிக்கொண்டவனைத் தவிர்த்துவிட்டு, மறைந்து வருபவனின் அழைப்பை எடுத்துவிடுகிறோம். விதி இப்படித் தலைகீழாகப் பயன் தருவதை அதை எழுதியவர்களும் உணர்ந்திருக்கக்கூடும். 2024 ஆகஸ்டில், பதிவுபெறாமல் மொத்த இணைப்புகள் வழியாக விளம்பர அழைப்பு செய்பவர்களின் இணைப்புகள் அனைத்தையும் துண்டித்து, இரண்டு ஆண்டுகள் வரை கறுப்புப் பட்டியலில் வைக்குமாறு டிராய் உத்தரவிட்டது. அது அலுவலகம் போட்டு நூறு இருக்கைகளோடு அழைப்பவரைத் தொடும். புதிய சிம் அட்டை ஒன்றோடு தரகுக்கு வேலை செய்யும் இளைஞரைத் தொடுவது கடினம். அவருக்கு ஓர் எண் போனால் இன்னோர் எண்.

மோசடி அழைப்புகளை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வங்கிக் கணக்கு முடங்கப்போகிறது, பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்று மிரட்டுபவை விளம்பரமும் அல்ல, தொல்லையும் அல்ல, குற்றம். அவற்றுக்கு 1909 இடமில்லை. சந்தேக அழைப்பைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் தெரிவிக்க வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழைக்க வேண்டும்.

வாட்ஸ்அப் இந்த விதிகளுக்கு வெளியே இருக்கிறது. டிராயின் விதிகள் தொலைபேசி நிறுவனங்களின் வழியாகச் செல்லும் அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் மட்டுமே கட்டுப்படுத்துகின்றன. குறுஞ்செய்தியில் இத்தனை ஒப்புதல்கள் வாங்கச் சலித்த வணிகர்கள், படத்தோடும் பொத்தானோடும் தமிழிலேயே நீளமாக எழுதியும் அனுப்பக்கூடிய வாட்ஸ்அப்புக்கு நகர்ந்ததில் வியப்பில்லை. அங்கேயும் விதிகள் உண்டு: வணிகக் கணக்குகள் பயனரின் சம்மதத்தைப் பெற்றிருக்க வேண்டும், செய்திகளை விளம்பரம், பயன்பாட்டுத் தகவல், சரிபார்ப்பு என்று வகைபிரிக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா சொல்கிறது, வாசகத்துக்கு முன் ஒப்புதலும் வேண்டும். ஆனால் அந்தக் கோட்டைக் கிழிப்பதும் காப்பதும், விளம்பரச் செய்தி ஒவ்வொன்றுக்கும் கட்டணம் வாங்கும் நிறுவனமே. 1909இல் எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, அதே கடையின் அதே அறிவிப்பை வாட்ஸ்அப்பில் பெறும் ஒருவரிடம், டிஎன்டி வேலை செய்கிறது என்று சொன்னால் நம்பமாட்டார். அவர் சொல்வதிலும் தவறில்லை. அவரைப் பொறுத்தவரை தொல்லை ஒன்றுதான், அது எந்தக் குழாய் வழியாக வந்தது என்பது அவர் கவலையில்லை.

மின்னஞ்சலிலோ, அரசு விதியைவிட அஞ்சல் சேவை நடத்துபவர்களின் விதியே முந்திக்கொண்டது. அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம், முதலில் அனுப்பலாம், வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் முதலில் கேட்டுவிட்டு அனுப்பச் சொல்கிறது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும், மொத்தமாக அனுப்புபவர்கள் தம் அடையாளத்தைத் தொழில்நுட்ப வழியில் நிரூபிக்க வேண்டும், ஒரே தட்டலில் விலகும் பொத்தானை வைக்க வேண்டும், விலகியவரை இரண்டு நாள்களுக்குள் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும், பெற்றவர்களில் தொல்லை என்று குறிப்பவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று வைத்தன. ஆயிரம் பேரில் மூன்று பேர் முகம் சுளித்தாலே கதவு சாத்தப்படும் என்ற இந்த அளவுகோலில் ஒரு துணிச்சல் இருக்கிறது. எது தொல்லை என்ற தீர்ப்பைப் பெறுபவர்களிடமே விட்டுவிடுகிறார்கள்.

டிராயின் 2025 திருத்தத்திலும் விலகும் வழி கட்டாயமாகியிருக்கிறது: ஒவ்வொரு விளம்பரச் செய்தியிலும் அது இருக்க வேண்டும், விலகியவரிடம் 90 நாள்களுக்கு மறுபடி சம்மதம் கேட்கக்கூடாது. ஒரு வணிகரை எடைபோட எனக்கு இதைவிடச் சுருக்கமான சோதனை தெரியாது. விலகல் கேட்டதும் பேசாமல் விடுபவரிடம் அடுத்த முறை நானே தேடிப் போய் வாங்குகிறேன். விலகிய பிறகு வேறொரு குறியீட்டில், வேறொரு கிளையின் பெயரில் திரும்பி வருபவரைப் பற்றி 1909க்கு எழுதிவிடுகிறேன். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எத்தனை எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அத்தனை எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. அது முழுமையாக நடப்புக்கு வரும்போது வாட்ஸ்அப், மின்னஞ்சல் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லா வழிகளுக்கும் பொருந்தும். டிஎன்டி எட்டாத இடத்தை எட்டக்கூடியது இன்றைக்கு அது ஒன்றே.

மதிப்பெண் கேட்டால், குறுஞ்செய்திக்கு ஐந்தில் நான்கு, குரல் அழைப்புக்கு ஐந்தில் இரண்டு என்று பிரித்தே கொடுப்பேன். பதியாமல் இருப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. சலுகைச் செய்திகளை விரும்பிப் படிப்பவர்கள் மட்டும் முழுத் தடைக்குப் பதிலாக வகைகளைத் தேர்ந்துகொள்ளலாம். ஓடிபியும் வங்கித் தகவலும் நின்றுபோகுமோ என்று அஞ்ச வேண்டாம், அவற்றை இந்தத் தடை தொடாது. கல்லாவில் எண் கேட்டால், ரசீதுக்கு அது தேவையில்லை என்று சொல்லிப் பழகுவது டிஎன்டியில் பதிவதைவிட அதிகப் பயன் தரும். வீட்டில் பட்டன் கைபேசி வைத்திருக்கும் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் எண்ணையும் பதிந்துவிடுங்கள். காப்பீடு, கடன் என்று வரும் குரல்களுக்கு மரியாதைக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். அந்தக் கைபேசியிலிருந்தே 1909க்கு அழைத்தால் வேலை முடிந்துவிடும், செயலியோ இணையமோ தேவைப்படாது.